நெஞ்சுச் சூடு

ஜெஸி ஓமானில் வேலை பார்த்த மருத்துவமனையில் குறைமாதப் பிள்ளைகளுக்கென்று ஒரு கூடம் இருந்தது. முதல் நாள் அதற்குள் போனபோது இடம் மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தாள். தொட்டிலோ கண்ணாடிப் பெட்டியோ எதுவும் இல்லை. சாய்வு நாற்காலிகளில் பெண்கள் படுத்திருந்தார்கள். கிட்டப் போனபோதுதான் ஒவ்வொருத்தியின் அங்கிக்குள்ளும், மார்புக்கு நடுவில், குல்லாய் போட்ட ஒரு சின்னத் தலை தெரிந்தது. நாரத்தங்காய் அளவுதான் இருக்கும். அம்மாவின் மூச்சோடு சேர்ந்து அதுவும் ஏறியது, இறங்கியது. அந்தக் கூடத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பேசாதீர்கள் என்று எங்கும் எழுதி ஒட்டவும் இல்லை.

என்றைக்காவது ஊருக்குத் திரும்பினால் இப்படி ஒரு கூடத்தை உண்டாக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

சுரண்டைக்காரி அவள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஓமான் வேலையை விட்டுவிட்டு வந்தாள். அருவிக்கரை மருத்துவமனையில் நர்சிங் சூப்பிரண்டென்ட் வேலை கிடைத்தது. இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓர் அறக்கட்டளை நடத்துகிற ஆஸ்பத்திரி அது. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று சுற்றுவட்டாரத்துப் பெண்கள் பிரசவத்துக்கு அங்கே வருவார்கள். எடை குறைந்த பிள்ளை பிறந்தால் மட்டும் ஆம்புலன்சில் ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பிவிடுவார்கள். குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் அங்கே இரண்டுதான் இருந்தது.

சேர்ந்த முதல் மாதமே ஜெஸி எல்லாரையும் கூட்டி வைத்துத் தன் திட்டத்தைச் சொன்னாள். கீழ்த்தளத்தில் நீளமான ஹால் ஒன்று இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தோப்புக் காற்று வரும். அதைச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். பிள்ளை பகலும் இரவும் தாயின் நெஞ்சிலேயே இருக்கும். தாயின் உடம்புச் சூடுதான் வார்மர். சில வருடங்களில் இங்கிருந்து ஒரு பிள்ளையைக்கூட வெளியே அனுப்ப வேண்டிய தேவை இருக்காது. ஓமானில் எடுத்த படங்களைத் திரையில் போட்டுக் காட்டினாள்.

யாரும் கைதட்டவில்லை. பிரசவ வார்டின் மூத்த சிஸ்டர் வடிவம்மாள் மட்டும் எழுந்தார். அந்த வார்டிலேயே தலை நரைத்தவர்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா நாளைக்கு எனக்கு என்ன டூட்டின்னு இப்ப வரைக்கும் எனக்குத் தெரியாது. டூட்டி முடிஞ்சு இந்த நர்சுப் பிள்ளைய எல்லாம் பஸ்சுக்கு ரோட்டுல காத்துக் கிடக்கு. இதுல புதுசா ஒண்ணைத் தலையில வச்சா யாரு தாங்குதது?"

ஜெஸிக்கு அந்தக் கேள்வி சின்னதாகத் தெரிந்தது. எவ்வளவு பெரிய விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறோம், இவர் பஸ்சைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைத்தாள்.

நிர்வாகி சங்கரநாராயணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். தென்காசியில் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கடுமையான ஆள் இல்லை.

"ஹாலைத் தர முடியாதும்மா. சீசன் வருது. குற்றாலத்துக்குக் கூட்டம் வந்தா காய்ச்சலும் கூடவே வரும். வழுக்கி விழுந்தவன், கையொடிச்சவன் எல்லாம் இங்கதான் வருவான். கட்டில் இல்லாம வராந்தாவுல கிடக்கவன்கிட்ட, பொறு, அஞ்சு வருஷம் போனா இந்த ஆஸ்பத்திரி ரொம்ப நல்லா இருக்கும்னு சொல்ல முடியுமா?"

"இன்னைக்கு இன்னைக்குன்னு பாத்துக்கிட்டே இருந்தா அந்த நாள் எப்ப ஸார் வரும்?" என்று ஜெஸி கேட்டாள்.

அவர் ஹாலைக் கொடுக்கவில்லை.

ஜெஸி விடவில்லை. ஹால் இல்லாவிட்டால் என்ன, பிரசவ வார்டிலேயே தொடங்கலாம் என்று உத்தரவு போட்டாள். எடை குறைந்த பிள்ளைகள் எல்லாம் இனி தாயின் நெஞ்சில்தான். சாய்வு நாற்காலி கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. வயிற்றில் தையல் போட்ட பெண்களை அதில் உட்கார வைத்தார்கள். பத்துப் பேர் பார்க்க வேண்டிய வார்டை ஐந்தாறு நர்சுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே வாரம் சாரல் பிடித்தது, அருவியில் தண்ணீர் விழுந்தது, கூட்டம் வந்தது, காய்ச்சலும் வந்தது. ஹால் நிரம்பி வராந்தாவில் பாய் விரித்தார்கள்.

ஒரு மத்தியானம் நாற்காலியில் இருந்த தாய் அசந்து தூங்கிவிட்டாள். நெஞ்சிலிருந்த பிள்ளை கட்டியிருந்த துணியிலிருந்து வழுகி மடிக்கு வந்து, அங்கிருந்தும் சரிந்தது. அந்தப் பக்கமாகப் போன வடிவம்மாள் பாய்ந்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அது கண்ணைக்கூடத் திறக்கவில்லை. வடிவம்மாள் அதைக் கொண்டுபோய் வார்மரில் கிடத்திவிட்டு ஜெஸியின் அறை வாசலில் வந்து நின்றார்.

"நான் அந்தப் பக்கம் போகலன்னா?" என்றார்.

அன்றைக்கே ஜெஸி உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அந்த மாதக் கடைசியில் நல்ல நர்சுகள் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். போகும்போது ஒருத்தி, "உங்க மேல வருத்தம் இல்ல மேடம். முடியல," என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஜெஸி வண்டியை நிறுத்தி, ரோட்டோரம் பஸ்சுக்கு நின்ற தன் நர்சுகளைப் பார்த்தாள். சாரலில் தலை நனைய, செருப்பைக் கையில் பிடித்தபடி காலை மாற்றி மாற்றி வைத்து நின்றார்கள். நாள் முழுக்க நின்ற கால்கள். இன்னும் கொஞ்சம் நில்லுங்கள் என்று அவள் கேட்டது இந்தக் கால்களிடம்தான்.

அதற்குப் பிறகு ஜெஸி அந்தக் கூடத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. டூட்டியை ஒரு மாதத்துக்கு முன்னாலேயே போட்டுக் கொடுத்தாள். சங்கரநாராயணனிடம் மல்லுக்கு நின்று நர்சுகளைத் தென்காசி பஸ் நிலையத்திலும் செங்கோட்டையிலும் கொண்டுபோய் விட ஒரு வேன் வாங்கினாள். உடை மாற்றவும் கொஞ்சம் காலை நீட்டவும் ஓர் அறை கொடுத்தாள். ஆள் குறைந்த நாளில் தானே சீருடை போட்டுக்கொண்டு வார்டில் இறங்கினாள். புது ஆட்களைச் சேர்த்தாள். சூப்பிரண்டென்ட் தன் கனவை மறந்துவிட்டாள் என்றே பலரும் நினைத்தார்கள். சில நாள் அவளுக்கே அப்படித் தோன்றியது. காலையில் எழுந்ததும் நினைவுக்கு வருவது வேனின் டிரைவர் வந்தானா என்பதாக இருந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பிறந்த பிள்ளையை நம்முடைய வசதிக்காகத் தாயிடமிருந்து பிரித்து வைக்கக் கூடாது. குளிப்பாட்ட, எடை பார்க்க, டாக்டர் வருகிறார் என்று எந்தக் காரணம் சொல்லியும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. இதில் மட்டும் பிடிவாதமாக இருந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாராவது நடந்தால், "எங்க போறீங்க?" என்று கேட்டபடி கூடவே நடப்பாள். கொஞ்ச நாளில் நர்சுகள் வேலையை எல்லாம் தாயின் கட்டிலருகிலேயே செய்யப் பழகினார்கள். தாயின் மேல் கிடக்கும்போது பிள்ளை அழுவதில்லை என்பதை அவர்களே பார்த்தார்கள்.

புரட்டாசியில் ராயகிரியிலிருந்து உமா மகேஸ்வரி என்ற பெண் வந்தாள். நாள் ஆவதற்கு வெகு முன்பே வலி எடுத்து, ஆண் பிள்ளை பிறந்தது. மூச்சு சரியாகத்தான் இருந்தது. எடைதான் இல்லை. குழந்தை மருத்துவர் ஸ்டான்லி பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பச் சொன்னார். அதுதான் வழக்கம். ஆம்புலன்ஸ் டிரைவர் பிச்சைமணி எத்தனையோ பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அந்தப் பிள்ளையின் உயிர் பாதி வழியில் ஆலங்குளத்தைத் தாண்டவில்லை.

ஆம்புலன்ஸ் திரும்பி வந்தது. பிச்சைமணி இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஜெஸி கண்ணாடிப் பக்கம் போய் நின்றாள்.

"ஹீட்டர் போட்டுத்தான் போனேன் மேடம்," என்றார் அவர். "கண்ணாடி எல்லாம் ஏத்திட்டுத்தான் போனேன். கூட வந்த சிஸ்டர், கால் ஜில்லுன்னு ஆவுது, ஜில்லுன்னு ஆவுதுன்னு சொல்லிக்கிட்டே வந்தா. நான் எம்புட்டு வேகமாத்தான் போறது?"

முதலிலேயே தான் இன்னும் பிடித்து நின்றிருந்தால் இந்தப் பிள்ளை இருந்திருக்குமா, அல்லது அவசரப்பட்டு எல்லாவற்றையும் குலைக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் ஒரு மூலையிலாவது ஏதாவது உருவாகியிருக்குமா என்று ஜெஸி யோசித்தாள். இரண்டில் எது சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. உமா மகேஸ்வரி பால் கட்டிய மார்போடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்கவே ஜெஸிக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் வடிவம்மாள் வந்தார். பின்னால் நாலைந்து நர்சுகள் நின்றார்கள்.

"மேடம், வார்டுக்கு அங்கிட்டு துணி அடுக்கி வைக்க ரூம் ஒண்ணு இருக்குல்லா. அதைக் காலி பண்ணித் தாரோம். மூணு சாய்வு நாற்காலி போடலாம். யார் யாரு எப்பப் பாக்கதுன்னு நாங்களே பேசிக்கிட்டோம். மூணுக்கு மேல வேண்டாம். மூணுன்னா எங்களால கண்ணை எடுக்காமப் பாக்க முடியும்."

ஹாலைக் கேட்ட காலத்தில் துணி அறை என்றால் ஜெஸி சிரித்திருப்பாள். இப்போது, "மூணு போதும் அக்கா," என்றாள்.

நாற்காலிகளைப் பிச்சைமணிதான் தென்காசியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தார். ஆம்புலன்சில் நாற்காலி ஏற்றக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை.

மழைக்காலம் வரை அந்த அறையில் சில பிள்ளைகள் வளர்ந்து வீட்டுக்குப் போனார்கள். எல்லாம் ஓரளவு எடை இருந்த பிள்ளைகள். ரொம்பவும் சின்னதாக இருந்தால் ஸ்டான்லி இன்னும் திருநெல்வேலிக்குத்தான் அனுப்பினார். இந்த அறையின் மேல் அவருக்கு நம்பிக்கை வந்துகொண்டிருந்தது, முழுதாக வந்திருக்கவில்லை.

மார்கழி பிறக்கிற சமயத்தில் அந்த மழை வந்தது. மேற்கே மலை இருக்கிற அடையாளமே இல்லாமல் போயிற்று. மெயினருவியில் பாதுகாப்பு வளைவையே மூடிக்கொண்டு தண்ணீர் விழுவதாக வந்தவர்கள் சொன்னார்கள். சொல்லவே வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றாலே அந்த இரைச்சல் கேட்டது. காதில் கேட்பதைவிட உள்ளங்காலில் அதிர்வாகவே அதிகம் தெரிந்தது. வேலைக்கு நடுவில் நர்சுகள் நின்று நின்று அதைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் காலையில் கடையநல்லூரிலிருந்து ராபியாவைக் கொண்டுவந்தார்கள். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்திருந்தது. உடனே அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். ராபியா நினைவில்லாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். அவள் கணவன் மூசா ஷார்ஜாவில் இருந்தான். கூட வந்திருந்தது மூசாவின் தம்பி ஹுஸைஃபா. கடையநல்லூரில் மொபைல் கடை வைத்திருக்கிறவன், இன்னும் கல்யாணம் ஆகாதவன். ராபியாவின் அம்மா துணிமணி எடுத்து வரத் திரும்பிப் போயிருந்தார். போன இடத்தில் தண்ணீர் பாதையை மறித்துவிட்டது.

பிள்ளை பெண். ஒரு முழ நீளம்கூட இல்லை. தோலுக்கு அடியில் நரம்புகள் நீலமாக ஓடுவது தெரிந்தது. காது மடல்கள் இன்னும் முழுதாக விரியவில்லை. ஆனால் மூச்சை அதுவாகவே இழுத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகள் உள்ளே போய் வந்தன.

"அனுப்பிரலாம்," என்றார் ஸ்டான்லி.

பிச்சைமணி வண்டியை எடுத்துக்கொண்டு பாவூர்சத்திரம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"வழி இல்ல ஸார். ரோடு மேல தண்ணி போவுது. லாரியே நிக்குது."

அதற்குள் மின்சாரம் போனது, வந்தது, மறுபடி போனது. ஜெனரேட்டர் அறுவை அறைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் மட்டும்தான் தாங்கும். அங்கே ராபியாவின் மூச்சு அந்த ஜெனரேட்டரை நம்பித்தான் இருந்தது. தாயிடமிருந்து எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. வார்மர் சூடாவதும் ஆறுவதுமாக இருந்தது. வடிவம்மாள் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஜெஸியைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நினைப்புத்தான்.

"நெஞ்சுல போடணும்," என்றாள் ஜெஸி.

"யாரு நெஞ்சுல மேடம்?" என்றார் ஸ்டான்லி. "அம்மாதான் அங்கன கிடக்காளே."

அறையின் மூன்று நாற்காலிகளிலும் மூன்று தாய்மார் தத்தம் பிள்ளைகளோடு இருந்தார்கள். ரத்த உறவென்று அந்தக் கட்டிடத்தில் இருந்தது ஹுஸைஃபா மட்டும். பிரசவ வார்டுக்குள் ஆண்கள் வரக் கூடாது என்பது அந்த ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற சட்டம். இத்தனை வருடம் வாசலில் நின்று அதைக் காப்பாற்றியவர் வடிவம்மாள். எத்தனையோ அப்பாமாரைத் திருப்பி அனுப்பியவர். ஜெஸி அவரைப் பார்த்தாள். உத்தரவு போட அவளுக்கு அதிகாரம் இருந்தது. அவள் போடவில்லை.

வடிவம்மாள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று அறைக்குள் போனார்.

"ஏட்டி, கேளுங்க. ஒரு சின்னப் பிள்ளைக்கு அவ சித்தப்பா மேல படுக்க வேண்டியிருக்கு. ஆம்பளையாளு உள்ள வருவான். நடுவுல திரை கட்டிருதேன். உங்களுக்குச் சம்மதமா?"

"பிள்ளைக்குத்தானே அக்கா. வரட்டும்," என்றாள் ஒருத்தி. மற்ற இருவரும் தலையசைத்தார்கள்.

ஹுஸைஃபா வெளியே போனைக் காதில் வைத்து, திருநெல்வேலிக்கு வேறு வழி உண்டா என்று யார் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தான். ஜெஸி போய் விஷயத்தைச் சொன்னதும் பின்னால் நகர்ந்தான்.

"நானா? சிஸ்டர், நான் பச்சப்பிள்ளையத் தூக்கினதே இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏதாவது வழி பண்ணுங்க. எங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"வழி திறந்ததும் அனுப்புதோம் தம்பி. அதுவரைக்கும் அவளுக்குச் சூடு வேணும். இப்ப அது உங்ககிட்டதான் இருக்கு."

அவன் புரியாமல் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தான்.

கையைத் தேய்த்துக் கழுவ வைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, திரைக்குப் பின்னால் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு தாய் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்துகொண்டிருந்தாள். வடிவம்மாள் பிள்ளைக்குக் குல்லாயும் காலுறையும் போட்டு, ஒரு கை தலைக்கும் ஒரு கை அடிக்கும் கொடுத்து, தவளையைப்போல் காலை மடக்கி, அவன் நெஞ்சின் நடுவில் வைத்தார். மேலே துணியை இறுக்கிக் கட்டினார்.

ஹுஸைஃபாவின் உடம்பு ஒரு முறை சிலிர்த்தது. "ஐஸ் மாதிரி இருக்காளே," என்றான். அதற்குப் பிறகு மூச்சை அடக்கிக்கொண்டான்.

"மூச்சு விடுங்க தம்பி," என்றாள் ஜெஸி. "உங்க மூச்சைக் கேட்டுத்தான் அவ மூச்சு விடுவா."

விட்டான். நெஞ்சு மெல்ல ஏறியது. அதன்மேல் அவளும் ஏறினாள்.

யாருக்கும் செய்ய எதுவும் இருக்கவில்லை. ஸ்டான்லி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பிள்ளையைப் பார்ப்பதுமாக நின்றார். வடிவம்மாள் அவ்வப்போது துணிக்குள் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தார். முதலில் அது நகரவில்லை. வெளியே மழை தோப்பின் மேல் சரிந்துகொண்டிருந்தது. அருவியின் அதிர்வு நாற்காலிக் கால் வழியாக ஏறி வந்தது. அத்தனை தண்ணீரும் அத்தனை மலையும் ஒரு பக்கம் இருக்க, இந்தப் பக்கம் ஒரு கை அகலத்துக்கு உயிர் ஒன்று தன்னால் முடிந்தவரை மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.

பிறகு தெர்மாமீட்டர் ஏறியது. ஒரு துளி. இன்னொரு துளி. வடிவம்மாள் அதை ஸ்டான்லியிடம் காட்டினார். நம்பாதவர்போல் வாங்கித் துடைத்துவிட்டுத் தானே ஒரு முறை வைத்துப் பார்த்தார் அவர். பிள்ளையின் உதட்டில் இருந்த நீலம் போய்க்கொண்டிருந்தது. வேகவேகமாக இழுத்த விலா எலும்புகள் நிதானத்துக்கு வந்தன. மூடியிருந்த முஷ்டி தானாகவே விரிந்து, அவன் நெஞ்சு ரோமத்துக்கு நடுவில் பதிந்தது. அந்தக் கை அவனுடைய சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

ஹுஸைஃபா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிஸ்டர், இவ காதுல இன்னும் யாரும் பாங்கு சொல்லல," என்றான். "சொல்லலாமா? மெதுவாச் சொல்லுதேன்."

ஜெஸி தலையசைத்தாள். அவன் குல்லாயைத் துளி விலக்கி, முகத்தைச் சாய்த்து, பிறந்த பிள்ளை முதலில் கேட்க வேண்டிய அந்தத் தொழுகை அழைப்பை, விரியாத வலது காதுக்குள் சொன்னான். காற்றைப்போல இருந்தது குரல். அறையில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்கள் தங்கள் பிள்ளைகளின் முதுகில் கை வைத்தபடி அசையாமல் இருந்தார்கள். வடிவம்மாள் தலைக்கு மேல் கை எடுத்துக் கும்பிட்டார். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற ஜெஸி, எந்தப் பலிபீடத்துக்கு முன்னாலும் இப்படி நின்றதில்லை என்று உணர்ந்தாள்.

ஸ்டான்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைப் பத்திப் படிச்சிருக்கேன்," என்றார். "படிக்க மட்டும்தான் செஞ்சிருக்கேன்."

ஹுஸைஃபா சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. அஸர் நேரம் வந்தபோது உட்கார்ந்தபடியே தொழுதான். யாரோ பாலைக் குவளையில் கொண்டுவந்து அவன் வாயில் வைத்துக் குடிக்க வைத்தார்கள். அண்ணன் வீடியோவில் கூப்பிட்டபோது போனைப் பிடிக்கக் கையை எடுக்க மாட்டேன் என்றான். வடிவம்மாள்தான் பிடித்தார். ஷார்ஜாவில் எங்கோ ஒரு கட்டிடத்தின் நிழலில் நின்ற மூசா, தம்பியின் நெஞ்சைப் பார்த்தான், குல்லாயைப் பார்த்தான். பிறகு திரையைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இரவும் பிள்ளை ஹுஸைஃபாவின் நெஞ்சில்தான் இருந்தது; மறுநாள் தண்ணீர் வடிந்து வழி திறந்தது. ஸ்டான்லி பிள்ளையை நெடுநேரம் பார்த்தார். "எங்கயும் போக வேண்டாம். இங்கயே இருக்கட்டும்," என்றார். ராபியா கண் விழித்ததும் அவளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். மகளை நெஞ்சில் வைத்தபோது அவள் அழக்கூட இல்லை. மகளின் உச்சந்தலையில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டே இருந்தாள். கொடுத்துவிட்டு எழுந்த ஹுஸைஃபாவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சங்கரநாராயணன் இரண்டாம் நாள் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலில் நின்றார். உள்ளே நெஞ்சும் பிள்ளையுமாகச் சாய்ந்திருந்தவர்களைப் பார்த்தார். பிறகு ஜெஸியை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"ஹாலை எடுத்துக்கோங்கம்மா. இன்னைக்கே எடுத்துக்கோங்க. நான் டிரஸ்ட்ல எல்லார்கிட்டயும் பேசிக்கிடுதேன்."

அவள் ஓமானிலிருந்து சுமந்துகொண்டு வந்தது அது. ஜெஸி ஹாலின் கதவு வழியே பார்த்தாள். மழைக்குப் பிறகு காய்ச்சல் பரவியிருந்தது. கட்டிலுக்குக் கட்டில் ஆள். இரண்டு கட்டிலுக்கு நடுவில் தரையில் ஒரு கிழவர், தலைமாட்டில் துண்டைச் சுருட்டி வைத்துப் படுத்திருந்தார்.

"இப்ப வேண்டாம் ஸார்," என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. "காய்ச்சல் அடங்கட்டும். இவங்களை எங்க கொண்டுபோய்ப் போடுவோம்? அதுக்குள்ள எனக்கு ரெண்டு விஷயம் செஞ்சு குடுங்க. அப்பாமார் உள்ள வரலாம்னு சட்டத்தை மாத்தணும். அந்த ரூமுக்குன்னே ரெண்டு நர்சு வேணும். வேற எங்கயும் அவங்களைக் கூப்பிடக் கூடாது. அது இன்னைக்கே வேணும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஹாலுக்காக என்கிட்ட அம்புட்டுச் சண்டை போட்டீங்களேம்மா."

"ஹாலு எங்கயும் போயிராது ஸார். இப்ப கத்துக்க ஆரம்பிச்சாத்தான், ஹால் கிடைக்கும்போது உள்ள நிக்க ஆளு இருக்கும்."

பின்னால் நின்ற வடிவம்மாள் அவள் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். அதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை.

பொங்கல் கழிந்து வெயில் திரும்பியதும் காய்ச்சல் ஓய்ந்தது. ஹாலைக் கழுவி வெள்ளையடித்தார்கள். நாற்காலிகள் வந்தன. அதற்குள் அந்தத் துணி அறையிலேயே பழகி, பல நர்சுகளுக்கு இந்த வேலை கை வந்திருந்தது. புதிதாக வருகிற தாய்மாருக்குச் சொல்லிக் கொடுப்பதைக்கூட அவர்கள் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே இருக்கிற தாய்மாரே செய்தார்கள். ராபியாவும் அவர்களில் ஒருத்தி. மகளுக்கு ஜுஹைனா என்று பெயர் வைத்திருந்தார்கள். கன்னம் வந்திருந்தது. வாய் கோணி அழவும் கற்றுக்கொண்டிருந்தாள்.

மூசாவுக்கு அப்போதுதான் விடுமுறை கிடைத்தது. திருவனந்தபுரத்தில் இறங்கி, பெட்டியை வீட்டில்கூட வைக்காமல், செங்கோட்டை வழியாக நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தான். வெயிலில் வேலை பார்த்துக் கறுத்த ஆள். உள்ளங்கை காய்த்திருந்தது. ஹால் வாசலில் நின்று, பெண்கள் இருக்கிற இடத்துக்குள் போவதா என்று தயங்கினான்.

"உள்ள வாங்க அண்ணாச்சி. கையைக் கழுவிட்டு வாங்க," என்றார் வடிவம்மாள்.

ஜன்னலோரத்து நாற்காலியில் அவனை உட்கார வைத்தார்கள். ராபியா எழுந்து வந்து மகளைத் தன் நெஞ்சிலிருந்து எடுத்து அவன் நெஞ்சில் வைத்தாள். காய்த்த கை அவளைக் கீறிவிடுமோ என்று அவன் கைகளை அந்தரத்தில் வைத்திருந்தான். ராபியா அவன் இரண்டு கைகளையும் பிடித்து மகளின் முதுகில் வைத்து அழுத்தினாள். ஜுஹைனா சிணுங்கினாள். அவன் கழுத்துக் குழியில் முகத்தைத் தேய்த்து இடம் பார்த்தாள். அடங்கினாள்.

வெகு நேரம் கழித்து அந்த வழியாக வந்த ஜெஸியை அவன் நிமிர்ந்து பார்த்தான். குரலை எழுப்பாமல் கேட்டான்.

"எம்புட்டு நேரம் இப்படி வச்சிருக்கலாம் சிஸ்டர்?"

"உங்களுக்கு எம்புட்டு நேரம் வேணுமோ," என்றாள் ஜெஸி.

அவன் கண்களை மூடிக்கொண்டான்.